அந்திக்குப் பின் ஒரு பிடி தழை

செஞ்சியில் எந்த வீட்டுச் செம்பை எடுத்துப் பார்த்தாலும் அதன் கழுத்தில் தரணேந்திர நயினாரின் கைவேலை இருக்கும். கடைத்தெருவில் பாத்திரக் கடை அவருடையது. வாங்கியவர் பெயரைச் சிற்றுளியால் புள்ளி புள்ளியாகத் தட்டிப் பொறித்துத் தருபவரும் அவரே. பிறந்த குழந்தைக்குப் பாலாடை, மணமகளுக்குக் குடம், மறைந்தவர் நினைவாகக் கோயிலுக்கு ஒரு தாம்பாளம் என்று ஊராரின் வாழ்வெல்லாம் பெயர்களாக அவர் மடியில் வந்து அமர்ந்து, எழுத்தாகி எழுந்து போகும். கடையைப் பூட்டிக்கொண்டு வீடு திரும்பும் அவரை, வந்தாச்சா என்று கேட்கத்தான் ஒருவரும் இல்லை.

மனைவி ஜினமதி இருந்தவரை அந்தக் கேள்வி இருந்தது. அதற்குப் பின்னாலேயே இன்னொன்றும் வரும்: "பொழுது சாயுது, சாப்டுடலாமா?" சமணர் இல்லத்தில் கதிரவன் மறைந்தபின் உணவில்லை. இருளில் உண்டால், கண்ணுக்குப் புலப்படாத சிற்றுயிர்கள் உணவோடு மாய்ந்துவிடக் கூடும். ஆகையால் அவர் வீட்டில் அந்திக்குள் உலை அவியும். பாத்திரங்கள் துலக்கப்பட்டுக் கவிழ்ந்துகொள்ளும். சிந்திய பருக்கையும் மயிற்பீலியால் ஒதுக்கப்படும். மின்விளக்கு இருந்தும், பூச்சி வந்து விழுமே என்று அதனை ஏற்றுவதில்லை. மலையிருள் தெருவில் இறங்கும் வேளையில், அண்டை வீடுகளில் தாளிக்கும் ஓசை எழும், தட்டுகள் மோதும், பிள்ளைகள் சோற்றுக்குச் சண்டையிடுவர். நயினார் வீடு மட்டும் கவிழ்த்த பாத்திரம் போல ஓசையின்றிக் கிடக்கும். இருவர் இருந்தபோது அந்த அமைதி நோன்பாக இருந்தது. ஒருவரானபின் அது வேறொன்றாயிற்று.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நான்காம் ஆண்டுக் கோடையில், உயர்நிலைப் பள்ளியில் இயற்கைப் பாடம் நடத்திய சுந்தரமூர்த்தி ஆசிரியர் ஒரு டிபன் கேரியரோடு கடைக்கு வந்தார்.

"பேரு மட்டும் போடுங்க நைனாரே. ஊர் மாத்திட்டாங்க. சிதம்பரம் பக்கம் போறேன்."

"நல்லா இருங்க சார். சாமான்லாம் கட்டியாச்சா?"

"சாமான் கட்டிடலாம். இங்கிலீஷ்ல கினி பிக்குன்னு சொல்வாங்களே, அந்தச் சீமைப் பெருச்சாளியைத்தான் இன்னா பண்றதுன்னு தெரியல. மெட்ராஸ்ல ஒரு காலேஜு லேபுல வேலை செய்யற சிநேகிதர் ரெண்டு குடுத்தாரு, பசங்களுக்குக் காட்டறதுக்கு. ஒண்ணு வெயில்ல போயிடுச்சு. இன்னொண்ண அவருக்கே திருப்பி அனுப்பிட வேண்டியதுதான்."

"அங்க வளக்கறாங்களா?"

ஆசிரியர் சிரித்தார். "வளக்கறதுக்கா? ஊசி போட்டுப் பாப்பாங்க. மருந்து வேலை செய்யுதான்னு பாத்துட்டு அப்புறம் அறுத்தும் பாப்பாங்க."

உளி நின்றது. 'சுந்தர' வரை வந்த பெயர் பாதியில் காத்திருந்தது. எறும்பின் வழியில் கால் வைக்காமல் விலகி நடக்கும் ஒருவரிடம், தாம் என்ன சொல்லிவிட்டோம் என்பது ஆசிரியருக்கு அப்போதுதான் உறைத்தது.

"அத எனக்குக் குடுத்துடுங்க சார்" என்றார் நயினார். சொன்ன வேகம் அவருக்கே வியப்பாக இருந்தது.

"உங்களுக்கா? வளக்கத் தெரியுமா?"

"சொன்னீங்கன்னா கத்துக்கறேன்."

ஆசிரியர் சொன்னார். வெயில் ஆகாது, ஈரம் ஆகாது. பூனை, கீரி அண்டக் கூடாது. புல்லும் பச்சைத் தழையும் குறையாமல் கிடக்க வேண்டும். "கேரட்டுன்னா உசுர விட்டுடும்" என்றும் சொன்னார்.

"மண்ணுக்குக் கீழ வெளையறது எங்க வீட்டுக்குள்ள வராது சார். கேரட்டு மட்டும் கேக்காதீங்க."

"நான் எங்க கேக்கறேன்? அதுதான் கேக்கும்" என்று சிரித்துவிட்டு, "ஞாயித்துக்கெழம வீட்ட காலி பண்றேன். அதுக்குள்ள ஒரு கூடு ஏற்பாடு பண்ணிட்டு வந்து தூக்கிட்டுப் போங்க" என்றார்.

ஞாயிறு வரையில் நயினாருக்குக் கிடைத்த நாட்கள், அவர் நெடுங்காலம் அறியாத நாட்களாக இருந்தன. செய்வதற்கு ஒரு வேலை இருந்தது; அது தமக்கான வேலையாக இல்லை.

சென்னையிலிருந்து எவர்சில்வர் வந்த மரப்பெட்டி ஒன்று கடையின் பின்கட்டில் கிடந்தது. அதைத் தூக்கிவந்து, உள்ளே முட்டியிருந்த ஆணி முனைகளை அரத்தால் ராவினார். சிராய் இல்லையென்று உள்ளங்கையால் தடவித் தடவி உறுதிசெய்தார். முன்பக்கத்துக்கு மூங்கில் பிளாச்சுகளை வரிசையாக அறைந்து, அதில் ஒரு சிறு கதவும் அமைத்தார். தாழ் போடுவதற்கு எடுத்த கொக்கியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். உயிரொன்றைக் கட்டிவைப்பது குற்றம் என்று படித்தவர் அவர். பூனை வருமே என்ற அச்சமும் இருந்தது. கடைசியில் தாழ் வேண்டாமென்று கொக்கியை எறிந்துவிட்டு, பெட்டியருகே தாமே பாய் விரித்துப் படுப்பதென முடிவுசெய்தார்.

பெட்டியில் பாத்திரங்களுக்கு இடையே திணித்து வந்த வைக்கோல் இருந்தது. பிரித்துப் பார்த்தபோது அதில் சிறு வண்டுகள் ஊர்ந்தன. வைக்கோலைப் பரப்பினால் அவை நசுங்கும். ஆகவே அதனை அப்படியே கொல்லை மூலையில் கொண்டுபோய் வைத்துவிட்டு, படுக்கைக்கு வேறு வழி தேடினார். ஜினமதியின் நூல் புடவைகள் அவளுடைய தகரப் பெட்டியில் மடித்தபடியே இருந்தன. அவற்றில் மிகப் பழையதை, துவைத்துத் துவைத்து நிறமிழந்த கத்திரிப்பூப் புடவையை, எடுத்துக் கிழித்தார். கிழியும் ஓசை வீடு முழுவதும் கேட்டது. துண்டுகளை நான்காக மடித்துப் பரப்பியபோது, அவள் வாசனை அதில் மிஞ்சியிருக்கிறதா என்று முகர்ந்து பார்த்தார். சோப்பின் வாசனைதான் இருந்தது.

தண்ணீர்ப் பானையை ஒட்டிக் குளிர்ச்சியான இடத்தில் பெட்டியை வைத்தார். செஞ்சியில் பகல் முழுவதும் வெயிலைக் குடித்த பாறைகள் அந்திக்கு மேல் அதைக் கக்கும், காற்றே அடுப்பாகும். ஆகவே பெட்டியின் மேலே போட ஒரு சாக்கை நனைத்துப் பிழிந்து வைத்தார். கடையிலிருந்து சின்னஞ்சிறு பித்தளைக் கிண்ணம் ஒன்று வந்தது. பழக்கத்தால் உளியை எடுத்துவிட்டு, என்ன பெயர் பொறிப்பது என்று தெரியாமல் கீழே வைத்தார்.

கடைத்தெருவில் கீரை விற்கும் அம்மாக்கண்ணுவிடம் அறுகம்புல்லுக்குச் சொல்லி வைத்தபோது அவள் கூடையையே இறக்கிவிட்டாள்.

"இன்னா நைனாரே, மாடு கீடு வாங்கிட்டியா?"

"மாடு இல்ல அம்மாக்கண்ணு. சீமைப் பெருச்சாளி."

"பெருச்சாளியா? அவனவன் பெருச்சாளிக்கு விசம் வெக்கறான். நீ புல்லு வெக்கறேன்றியே!"

அடுத்த கடை மளிகைக்காரர் பாண்டுரங்கன் தராசைப் பிடித்தபடியே குரல் கொடுத்தார். "யோவ் நைனாரே, பெருச்சாளி எங்க புள்ளையாரு வாகனம்யா. அவரு நடந்துதான் போவாரா இனிமே?"

"அவருக்கு வேணும்னா கேக்கச் சொல்லு. குடுத்துடறேன்" என்றார் நயினார். பாண்டுரங்கன் உரக்கச் சிரித்தார். தாமும் சிரித்துவிட்டதைச் சற்றுக் கழித்தே நயினார் உணர்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அது வந்தது. கைப்பிடிக்குள் அடங்கும் உடல், பாதி வெண்மை, பாதி செம்மண் நிறம், வாலில்லை. கருங்குன்றி போன்ற கண்கள். ஆசிரியர் வீட்டிலிருந்து துணியில் ஏந்தி வரும்போது அதன் நெஞ்சு துடித்த துடிப்பு நயினாரின் உள்ளங்கை வழியே முழங்கை வரை ஏறியது. பெட்டியில் விட்டதும் புடவைத் துண்டுகளுக்குள் புகுந்துகொண்டது. அவர் புல்லை இலை இலையாகப் பிரித்து, பூச்சியில்லாமல் பார்த்து, அலசி வைத்தார். துணியில் வடிகட்டிய நீரைக் கிண்ணத்தில் ஊற்றினார். பிறகு தரையில் அமர்ந்து காத்திருந்தார். அது வெளியே வரவில்லை. அவரும் எழவில்லை. பொழுது சாயத் தொடங்கவே, வழக்கப்படி தம் உணவை முடித்துக்கொண்டு, பெட்டியிலிருந்த புல்லையும் ஒன்றுவிடாமல் எடுத்து வெளியேற்றினார். அந்த வீட்டில் இரவில் உணவு இருப்பதில்லை. தழை குறையக் கூடாதென்று ஆசிரியர் சொன்னது இரவுக்கும் சேர்த்துத்தான் என்ற எண்ணமே அவர் மனத்தில் எழவில்லை. உண்பது அவரைப் பொறுத்தவரை வெயிலோடு பிறந்து வெயிலோடு அடங்கும் ஒரு செயல்.

தனியே விட்டால் பூனைக்கு யார் காவல் என்று, மறுநாள் முதல் பெட்டியோடு கடைக்குப் போனார். பெயர் வெட்டும் பலகைக்கு அடியில், தம் முழங்காலருகில் வைத்துக்கொண்டார். கடைத்தெருவே குனிந்து பார்த்தது. "முயலா இது?" "வாலு எங்க?" "கத்துமா?" என்று ஆளுக்கொன்று கேட்டனர். குடங்கள் உருண்டன, தாம்பாளங்கள் அதிர்ந்தன, தலைக்குமேல் உளி ஓயாமல் தட்டியது. அது அசையவில்லை. முன்னால் வைத்த புல் வாடியது. கண்ணிமைக்காமல், காது மடக்காமல், கல்லில் செதுக்கியது போல் இருந்தது.

"தின்னலியா?" என்று கேட்டாள் அம்மாக்கண்ணு.

"இன்னும் இல்ல."

"புது எடமில்ல? புதுப் பொண்ணு மாமியா வூட்ல மொத நாளு சாப்டுதா?"

ஆனால் அடுத்த நாளும் அப்படியே கழிந்தது. விடியலில் ஒன்றிரண்டு இலையைக் கடித்ததோடு சரி. கடைக்குப் போனதும் அதே அசையாமை. முதுகெலும்பு விரலுக்குத் தட்டுப்படத் தொடங்கியது. அகத்திக்கீரை, முருங்கைத் தழை, வெள்ளரிப் பிஞ்சு என்று மாற்றி மாற்றி வைத்தும் அது திரும்பிப் பார்க்கவில்லை. பொழுது சாய்ந்ததும் அனைத்தையும் எடுத்துவிட்டு, இருளில் அதன் பக்கத்தில் படுத்துக்கொள்வார். அதன் மூச்சு கேட்கிறதா என்று காதைக் கூர்தீட்டுவார்.

அப்படிப் படுத்திருந்தபோதுதான் அந்த எண்ணம் வந்தது. சமண நூல்களில் யானையும் நாகமும் அறவுரை கேட்டு நோன்பேற்று நற்கதி அடைந்த கதைகளை அவர் இளமை முதல் கேட்டவர். ஐந்து பொறியும் மனமும் உடைய உயிர் எதுவாயினும் அதற்கு நோன்பேற்கும் உரிமை உண்டு. இதுவும் உணவைத் துறந்துவிட்டதோ? அந்த அசையாமை தியானமோ? தன் துணையை இழந்த பின் இவ்வுலகு போதுமென்று சல்லேகனை என்னும் உண்ணா நோன்பை மேற்கொண்டதோ? அவ்வாறாயின் அதன்முன் தழையை நீட்டி நீட்டி அழைப்பது பாவமல்லவா?

ஜினமதியும் அப்படித்தான் போனாள். வயிற்றில் கட்டி, மருத்துவர்கள் கைவிரித்தனர். மேல்சித்தாமூர்ச் சமண மடத்தில் அனுமதி பெற்று உணவை நீத்தாள். பிறகு நீரையும் நீத்தாள். சுற்றத்தார் வந்து வணங்கினர். கொடுத்து வைத்தவர் என்று அவரைப் பாராட்டினர். அவரும் கைகூப்பி ஏற்றுக்கொண்டார். ஒன்றை மட்டும் அவர் யாரிடமும் சொன்னதில்லை. கடைசிப் பகலில் ஒருமுறை அவள் கண்கள், அவள் பெயர் பொறித்த செம்பின் பக்கம் திரும்பின. சற்று நேரம் அங்கேயே நின்றன. நீருக்காகவா, அன்றி அந்தப் பெயருக்காகவா, அன்றி வெறுமனே வெளிச்சம் பட்டு மின்னியதாலா? அவர் கேட்கவில்லை. கேட்டால் நோன்புக்கு இடையூறாகுமோ என்று அஞ்சினார்.

விடிந்ததும் மேல்சித்தாமூருக்குப் போவதென்று தீர்மானித்தார். பெட்டியைப் பேருந்தில் ஏற்ற விடமாட்டார்கள். ஆகவே கடையைத் திறக்காமல், தழை நிரப்பி, நீர் ஊற்றி, சன்னல்களை அடைத்து, முதன்முறையாக அதனை வீட்டில் தனியே விட்டார். பொழுது சாய்வதற்குள் திரும்பித் தழையை எடுத்துவிடலாம் என்பது கணக்கு.

கோயிலில் பார்சுவநாதரை வணங்கிய பின் மடத்தின் அலுவலறைக்குச் சென்றார். கணக்குப் பார்க்கும் விஜயபாலன், அவரைவிட இளையவர், எழுந்து வரவேற்றார்.

"உண்ணா நோன்புல இருக்கற ஒரு உயிருக்காக மந்திரம் ஓதணும்" என்றார் நயினார்.

"அப்படியா? யாரு மாமா? உறவா?"

"வீட்டுல."

"வீட்டுலயா? உங்க வீட்டுலதான் யாருமே இல்லியே."

அதில் குற்றம் ஏதுமில்லை. உண்மை அவ்வளவே. நயினார் சுவரைப் பார்த்தபடி, "ஒரு ஜீவன். நாலு கால்" என்றார்.

விஜயபாலன் சிரிக்கவில்லை. "வாயில்லாத ஜீவன். எப்படி மாமா தெரியும், அது நோன்புன்னு? அவங்கவங்க வாயால ஏத்துக்கணும் இல்ல? அத்தை எவ்ளோ கணீர்னு சொன்னாங்க! நான் இருந்தேனே. சொல்லாம இருக்கறது வெறும் பசியாகூட இருக்கலாம்."

ஜினமதி கணீரென்று சொல்லி நோன்பேற்றது உண்மைதான். அந்தக் குரல் அவர் காதிலும் இருந்தது. செம்பின் பக்கம் திரும்பிய பார்வைக்கு அந்தக் குரல் விடையாகவில்லை. ஆனால் வெறும் பசி என்ற சொல் அவரைத் துரத்திக்கொண்டு மாலைப் பேருந்து வரை வந்தது.

செஞ்சிக்குத் திரும்பும் வழியில் வல்லத்தைத் தாண்டியதும் டயர் வெடித்தது. நிலக்கடலைக் கொல்லைகளுக்கு நடுவே எல்லாரும் இறங்கி நின்றனர். மேற்கே மலைகளின் விளிம்பைக் கதிரவன் தொட்டான். நயினார் தவித்தார். பெட்டியில் தழை கிடக்கிறது. இருள் சூழ்ந்தபின் அவர் வீட்டில் உணவு கிடப்பது இதுவே முதன்முறை.

"கண்டக்டர், சீக்கிரம் ஆவுமா? பொழுது போவுது."

வியர்வையைத் துடைத்துக்கொண்டு நடத்துனர் சொன்னார்: "பெரியவரே, டயரத்தான் மாத்த முடியும். சூரியனப் புடிச்சு வெக்கறதுக்கு எங்க கம்பெனில ஆளு இல்ல."

செஞ்சியில் இறங்கியபோது கோட்டை மலைகள் இருளில் கரைந்திருந்தன. பாறைகளின் வெம்மை தெருவெங்கும் பரவியிருந்தது. எதிரே வந்த பாண்டுரங்கன், "இன்னாய்யா, கட தொறக்கல? ஒடம்பு கிடம்பு சரியில்லியா?" என்று கேட்டதையும் தாண்டி விரைந்து நடந்தார். காலையில் உண்டதோடு சரி. இனி விடியும்வரை நீரும் இல்லை. கதவைத் திறந்தார்.

உள்ளே ஓர் ஓசை கேட்டது.

எலி என்றுதான் முதலில் நினைத்தார். செருப்பைக் கழற்றிய கால் அப்படியே நின்றது. நறுக், நறுக் என்று சிறிய, சீரான, இடைவிடாத ஓசை. மெல்லிய தகட்டில் ஒருவர் பெயர் வெட்டுவது போல் இருந்தது. அது பானையின் பக்கத்திலிருந்து வந்தது.

விளக்கை ஏற்றவில்லை. சுவரைப் பற்றியபடி அடி மேல் அடி வைத்துச் சென்று, பெட்டிக்குச் சற்றுத் தொலைவில் அமர்ந்தார். கண் இருளுக்குப் பழகியதும், மூங்கில் பிளாச்சுகளுக்கு அப்பால் வெண்மையான பாதி உடல் புலப்பட்டது. முருங்கை ஈர்க்கு ஒன்று அதன் வாய்க்குள் மெல்ல மெல்ல உள்ளே போய்க்கொண்டிருந்தது. அது நோன்பிருக்கவில்லை. பகலெல்லாம் அஞ்சியிருந்தது, அஞ்சாத நேரத்தில் உண்பதற்கு ஒன்றும் இல்லாதிருந்தது. ஒவ்வோர் அந்தியிலும் அதன் வாயிலிருந்து உணவைப் பறித்தவர் தாமே என்பது அவருக்கு அந்த ஓசையில் விளங்கியது.

ஈர்க்கு தீர்ந்தது. அது பெட்டியின் மூலைகளைத் துழாவியது. புடவைத் துண்டைக் கடித்துப் பார்த்தது. பிறகு பிளாச்சருகே வந்து நின்று, அவர் இதுவரை கேட்டிராத மெல்லிய குரலில் ஒருமுறை கீச்சிட்டது.

காலையில் பெட்டிக்குள் கொள்ளாமல் மிஞ்சியதென்று நனைத்த சாக்கில் சுற்றி வைத்த புல் பானையடியில் இருந்தது. அந்த வீட்டில் இருட்டியபின் எவரும் உணவில் கை வைத்ததில்லை. அவருடைய தாயும் தந்தையும் வைத்ததில்லை. வலியில் புரண்ட நாட்களிலும் ஜினமதி வைத்ததில்லை. நயினார் அருகர் முதலான ஐவரை வணங்கும் மந்திரத்தை மனத்துள் ஒருமுறை சொன்னார். பிறகு கையை நீட்டிச் சாக்கைப் பிரித்தார். கண்ணால் பார்க்க முடியாதாகையால், ஒவ்வொரு புல்லையும் அடியிலிருந்து நுனிவரை விரல்நுனியால் தடவினார். எழுத்தறிந்த விரல்கள் அவை. ஓரிடத்தில் ஏதோ ஊர்வது தட்டுப்பட்டது. ஊதித் தரையில் இறக்கிவிட்டுக் காத்திருந்தார். அந்த ஒரு பிடியைத் தேர்ந்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

தாழில்லாத கதவைத் திறந்து புல்லை உள்ளே வைத்தார். அது துணுக்குற்றுப் பின்வாங்கியது. அவர் கையை இழுத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, மூச்சை அடக்கினார். அண்டை வீட்டில் தட்டுகள் மோதின. யாரோ ஒரு தாய் இன்னொரு வாய், இன்னொரு வாய் என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். இங்கே அமைதி நீண்டது. தாம் இருப்பதாலேயே அது உண்ணாதோ என்று எழுந்து போகவும் எண்ணினார்.

அப்போது அந்த நறுக் நறுக் மீண்டும் தொடங்கியது.

"சாப்டு" என்றார் நயினார். ஓசை ஒருகணம் நின்றது, பின் தொடர்ந்தது. சுவரோரத்தில் கவிழ்ந்திருந்த ஜினமதியின் செம்பைத் தேடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதன் கழுத்தில் தாம் என்றோ பொறித்த புள்ளிகளை விரலால் தடவியபடி, புல் தீரும்வரை பசியோடு அங்கேயே அமர்ந்திருந்தார்.